கோட் போட்ட அந்தோனியார்

செக்கியூரிட்டி வேலைக்கு உயரம் வேணும், மீசை வேணும், அதட்டுற குரல் வேணும் என்பார்கள். உண்மையில் வேண்டியது பயம் ஒன்றுதான், அது என்னிடம் தாராளமாக இருந்தது.

வங்கி வாசலிலும் ஆஸ்பத்திரிக் கேட்டிலும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, யாராவது வந்து ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று நெஞ்சு படபடக்கப் பொழுதைக் கழிக்கும் என் சகபாடிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் இருபத்தெட்டு வருஷம் கிளார்க் வேலை பார்த்தவன் நான். கம்பனியை மூடினார்கள். ஐம்பத்தெட்டு வயதில் யார் வேலை தருவார்கள்? நீல உடுப்பும் தொப்பியும் தந்தார்கள், வாங்கிப் போட்டுக்கொண்டேன். என் காவலில் காசும் இல்லை, நகையும் இல்லை. ஒரு சிலை இருந்தது.

இரண்டு நாட்டுப் பிரச்சினை

கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடைக்கு இறங்கும் வழியில் கையளவு பூங்கா ஒன்று. அதன் நடுவில் வெண்கலத்தில் ஒரு மனிதர். நீளக் கோட், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த புத்தகம், முன்னால் எடுத்து வைத்த இடது கால். அந்தக் காலின் சப்பாத்து முனை பீடத்தைத் தாண்டி என் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். தூர தேசமொன்றின் தேசிய வீரர். அந்தக் காலத்தில் அவரைப் பிடித்து நாடு கடத்திக்கொண்டு போன கப்பல் கொழும்பில் இரண்டு நாள் நின்றதாம். அந்த ஞாபகத்துக்கு அவர்களுடைய நாடு இந்தச் சிலையைச் செய்து அனுப்பியதாம். எந்த நாடு, என்ன பெயர் என்று இங்கே எழுதமாட்டேன். ஏன் என்றால் பயம்தான், வேறென்ன?

முதல் நாள் சுப்பவைசர் ரஞ்சித் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். என் மகளை விட இரண்டு வயது கூட இருக்கும். சிங்களத்தில்தான் கதைப்பான், ஆனால் மரியாதையாக 'அங்கிள்' என்பான். பகல் வேலை வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்டிருந்ததை அவன் மறக்கவில்லை. என் மனைவி ரீட்டாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மகள் ஷாமினிக்குக் கோல் சென்டரில் இரவு வேலை. பகலில் மகள் பார்ப்பாள், இரவில் நான். எனக்கும் இரவு வேலை என்றால் ரீட்டாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. ரஞ்சித் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். பிறகு, ஒரு முறைப்பாடு வந்தால் போதும், என்னைப் பேலியகொடை கொள்கலன் யார்டுக்கு நைட் ஷிஃப்ட் போட்டுவிடச் சொல்லி மேலிடத்து ஓடர் இருக்கிறது என்றான். சொல்லிவிட்டுச் சிலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, என் தோளில் தட்டினான்.

"அங்கிள், பேங்கில களவு போனா பேங்குக்கு நட்டம். இதில ஒரு கீறல் விழுந்தா அது ரெண்டு நாட்டுப் பிரச்சினை."

அசைந்த பை

மூன்றாம் கிழமை. கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்தால் சிலையின் காலடியில் ஒரு பை. கறுப்பு நிறம், வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. சுற்றிவரப் பார்த்தேன். ஒரு குருவி இல்லை.

கோவிலில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு கொச்சிக்கடைப் பக்கத்து ஆட்களுக்கு ஆளில்லாத பை என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அன்று ரீட்டா சீலை மடிப்புச் சரிவரவில்லை என்று நின்றதால் பூசைக்குப் பிந்தினோம். அதனால்தான் நானும் இருக்கிறேன், அவளும் இருக்கிறாள். அந்தச் சீலைக்காக அவளை நான் வாசலில் நின்று ஏசிக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பையைப் பார்த்ததும் எனக்கு அந்த வாசலும் அந்தச் சத்தமும் ஞாபகம் வந்தன. விசிலை எடுத்தேன், ஊதுவதற்கு வாயில் காற்று இல்லை. அப்போது அந்தப் பை அசைந்தது. சத்தியமாக அசைந்தது! நான் எப்படி ரோட்டைக் கடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எதிர்ப்பக்கத்து மதிலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு பொலிஸுக்கு அடிக்கப் போனில் நம்பரைத் தேடுகிறேன், விரல் ஒன்றும் என் சொல் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பார்மசிப் பக்கமிருந்து ஆறுதலாக நடந்து வந்தா. பையைத் தூக்கினா. நான் "வேண்டாம்!" என்று கத்தினேன். அவ பையை அவிழ்த்து உள்ளே பார்த்தா. உயிர் நண்டு. வெள்ளவத்தையில் இருப்பவவாம், பெயர் பவளமாம், ஐஸ் நண்டு வாய்க்குப் பிடிக்காதென்று முகத்துவாரத்து மீன் சந்தை வரை ஓட்டோ பிடித்து வந்து வாங்கினவவாம். யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படியே இருந்தது. மதிலுக்குப் பின்னால் இருந்து எழும்பிய என்னை மேலும் கீழும் பார்த்தா.

"செக்கியூரிட்டி நிக்கிற இடமெண்டுதானே நம்பி வச்சிட்டுப் போனனான், நீர் என்ன தம்பி நண்டுக்குப் பயந்து ரோட்டுக்கு அங்கால நிக்கிறீர்?"

இவர் என்ன செய்தவர்?

ஒரு மத்தியானம் பொலிஸ்காரர் ஒருவர் நிழலுக்கு ஒதுங்கினார். கோபக்காரரும் இல்லை, கெட்டவரும் இல்லை. அலுத்துப்போய் வந்தவர். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சிலையை அண்ணாந்து பார்த்து, "இவர் யார்? என்ன செய்தவர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பீடத்துக் கல்வெட்டில் இருப்பது எனக்கு மனப்பாடம். தன் மக்களுக்காக அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்தினார், சிறை சென்றார், சுட்டுக் கொல்லப்பட்டார், அதனால் நாடு விடுதலை பெற்றது. இப்போது சொல்லுங்கள் சகபாடிகளே. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ள ஒருவன், யுத்த காலத்தில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடியில் கையைத் தூக்கி நின்று பழகினவன், காக்கிச் சட்டைக்கு முன்னால் நின்று அந்த வசனத்தைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வான்? 'ஆயுதம்' என்று தொடங்க வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நல்ல மனுசர் சேர்," என்றேன். "நிறையப் புத்தகம் வாசிச்சவர்." புத்தகம் வாசித்ததற்கா சிலை வைத்தார்கள் என்று அவர் கேட்டார். "நாட்டுக்கு நல்லது செய்தவர் சேர். பிறகு... செத்துப் போயிட்டார்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"செத்த ஆள்தானே? அப்ப பயமில்லை."

ஒரே ஒரு மெழுகுதிரி

செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோனியார் கோவிலுக்குச் சனம் எங்கள் பூங்கா வாசலால்தான் போகும். கத்தோலிக்கர், சைவக்காரர், சிங்களவர் என்று எல்லோரும் போவார்கள், அந்தோனியாரிடம் யாரும் சாதி சமயம் பார்ப்பதில்லை. நானும் வாராவாரம் போனவன். இந்த வேலைக்கு வந்த பிறகு முடியவில்லை. இடத்தை விட்டு அசைந்தால் முறைப்பாடு.

அன்று காலை ரீட்டாவைத் திரும்பவும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் இரண்டாவது அடைப்போ என்று டொக்டருக்குச் சந்தேகம். ஷாமினி போனில் அழுதாள். நான் சிலைக்குக் கீழே நிற்கிறேன். சட்டைப் பையில் காலையில் வாங்கிய ஒரு மெழுகுதிரி. கோவில் மணி கேட்கிறது, நடந்தால் ஐந்து நிமிஷம், போக வழியில்லை. அவள் போய்விடுவாளோ என்ற பயத்தில் எனக்கு அறிவு வேலை செய்யவில்லை. காற்று அணைக்காத இடம் எது என்று பார்த்தேன். அந்த நீட்டிய சப்பாத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் ஒரு மறைவு இருந்தது. அங்கே கொளுத்தி வைத்தேன். முகத்தைக் கோவில் பக்கம் திருப்பித்தான் செபித்தேன், ஆண்டவர் சாட்சி. "அந்தோனியாரே, அந்தக் கையாவது அசையட்டும்," என்று கேட்டேன்.

கண் துடைத்துத் திரும்பினால் பின்னால் பவளம் அக்கா. கோவிலுக்குப் போய்விட்டு வந்தவ, கையில் மிச்ச மெழுகுதிரி. சிலையின் நீளக் கோட்டையும் புத்தகத்தையும் என் ஈரக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தா. நான் விளக்கம் சொல்ல வாயெடுக்க முதல் செருப்பைக் கழற்றிவிட்டா.

"கோட் போட்டிருந்தால் என்ன தம்பி, முகத்தில அருள் இருக்குது."

முப்பது மெழுகுதிரி

அடுத்த செவ்வாய் ஏழு மெழுகுதிரி. அதற்கடுத்த கிழமை முப்பது. பவளம் அக்காவின் மகனுக்குக் கனடா விசா கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் அவவின் ஃபிளாட் முழுக்கச் செய்தி பரவி, சனம் தெஹிவளையிலிருந்தும் பஸ் ஏறி வந்தது. சப்பாத்து முனையைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். கோட்டுப் பொத்தானில் கைக்குட்டை கட்டினார்கள். ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கி அந்த வீரரின் புத்தகத்தில் முட்டவைத்தா, படிப்பு வரட்டுமாம்.

"ஐயோ, இவர் சாமியார் இல்லை, வெளிநாட்டுத் தலைவர்!" என்று நான் கத்தினேன். யார் கேட்கிறார்கள்? விலக்கித் தள்ளினால் கைகலப்பு, முறைப்பாடு, பேலியகொடை. விட்டால் மெழுகு வழிந்து கால் கறுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கறுப்பைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது, ஏனென்றால் தொடக்கி வைத்த மகான் நான்தானே! யாராவது விசாரித்தால் முதல் மெழுகுதிரி யாருடையது என்று பவளம் அக்கா வாய் நிறையச் சொல்லிவிடுவா.

அந்த நேரம் ரஞ்சித்தின் போன் வந்தது. அந்த வீரரின் பிறந்தநாளுக்குத் தூதுவர் அம்மா நேரில் வந்து மாலை வைக்கிறாவாம், இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. என் பிளாஸ்டிக் கதிரையில் விழுந்தேன். மெழுகுதிரியோடு நின்ற பவளம் அக்காவிடம், இந்தக் கரி என் வேலையைப் போக வைக்கப்போகிறது என்று அழாக் குறையாகச் சொன்னேன்.

"உதுக்கேன் அழுறீர்? பழப்புளியும் உப்பும் போட்டுத் தேயும், என்ர குத்துவிளக்கெல்லாம் நான் உப்பிடித்தான் மினுக்கிறனான்."

பழப்புளி

சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் வளர்ந்தவன் வேறென்ன செய்வான்? கரி பிடித்த பித்தளையைக் கண்டால் கை தானாகப் புளியைத் தேடும். அடுத்த நாள் காலையில் ஒரு உருண்டைப் புளி, ஒரு பிடி உப்பு, தேங்காய்த் தும்பு. மெழுகைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டுத் தேய்த்தேன். கால்மணி நேரம் ஆசையாகத் தேய்த்துத் தண்ணீரை ஊற்றினேன்.

அட கடவுளே! கரி மட்டுமா போனது? அந்த மனிதர் தலையிலிருந்து பீடம் வரை பச்சையும் கறுப்புமாக இருக்கிறார். வருஷக்கணக்காகக் கடற்காற்றுப் பட்டு வந்த நிறம் அது. இடது சப்பாத்து மட்டும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப் போல மினுங்குகிறது! கேட்டுக்கு அங்காலிருந்து பார்த்தாலும் அதுதான் முதலில் தெரிகிறது. முழுச் சிலையையும் புளி போட்டுத் தேய்த்துச் சரிக்கட்டலாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் பாருங்கள், பயம் மனிதனை எங்கே கொண்டுபோகும் என்று. அடுத்த நாள் வீட்டிலிருந்து கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் கொண்டு வந்து பூசினேன். சப்பாத்துத்தானே, பொருத்தம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வெயிலுக்கு அது உருகியது. செவ்வாய்க்கிழமை தொட்டுக் கும்பிட்ட அவ்வளவு பேரும் நெற்றியில் கறுப்புப் பொட்டோடு போனார்கள், சப்பாத்து பழையபடி மினுங்கியது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி கைக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள்.

"அங்கிள், விபூதிப் புதன் வர இன்னும் எவ்வளவு நாள் இருக்கு, இப்பவே பூசி அனுப்புறீங்க?"

பூச்சட்டி

அந்தக் கடைசி நாட்களில் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று தெரியாது. ரீட்டா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள், இரண்டாவது அடைப்பு இல்லை. வலது கை விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்குப் பயமாக இருந்தது. இந்த நேரத்தில் இரவு வேலைக்கு மாற்றினால் இவளை யார் திருப்பிப் படுக்கவைப்பது?

செவ்வாய் வந்தது. விடியவே போய், பெரிய பூச்சட்டி ஒன்றை உருட்டி அந்தக் காலுக்கு முன்னால் வைத்தேன். குரோட்டன் செடி, நல்ல அடர்த்தி. ஒன்பது மணிக்குக் கார்கள் வந்தன. ரஞ்சித் இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்து இறுகி. தூதுவர் அம்மா நரைத்த தலை, சின்ன உருவம், கையில் மலர் வளையம். நேராக நடந்து வந்தவ பூச்சட்டிக்கு முன்னால் நின்றா. வளையத்தை வைக்க இடமில்லை. கூட வந்தவர்களைப் பார்த்தா. இரண்டு பேர் சட்டியைப் பிடித்து அங்கால் நகர்த்தினார்கள்.

வெயில் நேரே அந்தக் காலில் விழுந்தது.

ரஞ்சித்தின் முகம் வெளுத்தது. அந்த அம்மா குனிந்து பார்த்தா, விரலால் தடவினா. "இது யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டா. ரஞ்சித் திரும்பி என்னைப் பார்த்தான். கப்பல் கம்பனியில் கற்ற ஆங்கிலம் எனக்கு இருந்தது, பொய்யும் ஒன்று ஆயத்தமாக இருந்தது. ஆனால் வாயில் வந்தது உண்மைதான். பயம் எல்லை கடந்தால் அப்படித்தான் போலிருக்கிறது. "நான்தான் மேடம். என் மனைவிக்குச் சுகமில்லை. கோவிலுக்குப் போக முடியவில்லை. இவர் காலில் ஒரு மெழுகுதிரி வைத்தேன். பிறகு எல்லோரும் வைத்தார்கள். பிறகு நான் புளி போட்டுத் தேய்த்தேன்." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும் என்று.

அந்த அம்மா தன் போனை எடுத்து ஒரு படம் காட்டினா. அவர்களுடைய தலைநகரத்தில் இதே மனிதர், இதே கோட், இதே நிலை. இடது கால் தங்கம் போல மினுங்கியது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் கடலுக்குப் போகிறவர்களின் பெண்சாதிமாரும் தொட்டுத் தொட்டு அப்படி ஆனதாம். இங்கே வந்து முதல் வருஷம் இந்தச் சிலையின் கறுத்த காலைப் பார்த்தபோது, இவரை இங்கே யாரும் தொடுவதில்லையே என்று தனக்கு அழுகை வந்ததாம். அதைச் சொல்லும்போதும் அவவின் கண் கலங்கியது. பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "கேட்டது கிடைத்ததா?" என்றா. "அரைவாசி, மேடம்," என்றேன். "விரல் அசையுது." தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

கார்கள் போன பிறகு ரஞ்சித் என்னிடம் வந்தான். இரவு வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கழுத்துப் பொத்தானைக் கழற்றி மூச்சு விட்டான். நான் தப்பினேன் என்று நானும் மூச்சு விடப்போன நேரம் விரலை நீட்டினான்.

"அங்கிள், மேடம் சொன்னதைக் கேட்டீங்கதானே, இனி அந்தக் கால் மங்கினா அதுதான் ரெண்டு நாட்டுப் பிரச்சினை!"

ரீட்டா சொன்னது

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் இருந்து நண்டுப் பையிலிருந்து பூச்சட்டி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். இத்தனை நாளும் அவள் பயந்துவிடுவாள் என்று மறைத்து வைத்திருந்தேன். ரீட்டா பாதி வாயால் சிரித்தாள். அடைப்பு வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். தேநீர்க் கோப்பையை வலது கையால் பிடிக்கப் பார்த்தாள், நான் அடியில் கை கொடுத்தேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். கோப்பை நடுங்கியது, கொஞ்சம் சிந்தியது, வாய் வரைக்கும் போனது. ஒரு மிடறு குடித்துவிட்டு, தடித்த நாக்கால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு அந்தோனியாரிட்டப் போய், ஆள் மாறிக் கேட்டதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் புளியும் உப்புமாகப் போய் அந்தக் காலைத் தேய்க்கிறேன். இவ்வளவு காலம் பொலிஸுக்கும் பைக்கும் சனத்துக்கும் பயந்து காவல் நின்றதில் நான் கண்டுபிடித்தது என்னவென்றால், அந்தச் சிலைக்கு என்னைத் தவிர வேறு யாராலும் ஒரு ஆபத்தும் வந்ததில்லை.